ஒரு வெள்ளிக்குச் சுமைகூலி

என்னைக் கஞ்சன் என்று சொல்லும் ஆட்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய. அந்த வரிசையில் முதலில் நிற்பவள் என் மனைவி. கஞ்சத்தனம் வேறு, கணக்காக இருப்பது வேறு என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறேன். "ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதாங்க," என்பாள்.

நான் மலேசியாவில் ஒரு மலைத் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். சரிவில் வெட்டிய கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போய் பேக்டரியில் இறக்க வேண்டும். மனைவி அதே தோட்டத்து மேட்டில், சுற்றுலா வருகிறவர்கள் டீ குடிக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரே பெண். நாலு வருடத்துக்கு முன் பிசியோதெரபி படிக்கக் கோயம்புத்தூர் போனாள். அவள் செலவுக்கு மாதம் ஆயிரம் வெள்ளி அனுப்ப வேண்டும். ரிங்கிட் என்று அரசாங்கம் சொல்லும். எங்களுக்கு அது எப்போதும் வெள்ளிதான். பிள்ளைக்கு ஆயிரம் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை அனுப்பி வைக்க ஒருவன் காசு கேட்கிறானே, அங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

முதல் மாதம் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஒரு வங்கிக்குப் போனேன். நாலு பக்க விண்ணப்பப் பாரம், ஏழு இடத்தில் கையெழுத்து. கட்டணம் என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, கொஞ்சம் குறையுதே."

விசாரித்தால், நடுவில் வேறொரு வங்கி இருக்கிறதாம். பணம் அது வழியாகத்தான் போகுமாம். போகிற போக்கில் அதுவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளுமாம். அந்த நடு வங்கி எந்த ஊரில் இருக்கிறது என்று கவுண்டரில் இருந்தவருக்கே தெரியவில்லை. முகம் தெரியாத ஒரு ஆள் என் வீட்டுக்குள் புகுந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுமாதம், பிரிஞ்சாங்கில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர் பழனிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். பழனியிலிருந்து கோயம்புத்தூர் எட்டிப் பிடிக்கும் தூரம்தான். "அண்ணே, மகளுக்கு ஒரு டீ பாக்கெட் குடுக்கணும்," என்றேன். டீ பாக்கெட்டை யார் மறுப்பார்கள்? பத்து நூறு வெள்ளி நோட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, டீத்தூளுக்கு நடுவில் புதைத்து, பாக்கெட்டின் வாயை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டினேன். பேக்டரியில் ஒட்டியதைவிட அழகாக இருந்தது. கொண்டுபோகிறவருக்குச் சொல்லவில்லை, பாவம், சாமி கும்பிடப் போகிற மனுஷன், எதற்குப் பாரம் ஏற்றுவது என்று நினைத்தேன். அது தப்புதான். மகளிடமும் போனில் சொல்லவில்லை. யார் காதிலாவது விழுந்துவிடும் என்று பயம்.

நான் மறந்துபோனது ஒன்று உண்டு. எங்கள் மலையிலிருந்து யார் இந்தியாவுக்குப் போனாலும் கையில் டீ இல்லாமல் போகமாட்டார்கள். போன முதல் மாதத்திலேயே மகளின் அறையில் எட்டு பாக்கெட் சேர்ந்திருந்தது. ஒன்பதாவது வந்ததும் அவள் என்ன செய்தாள்? பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த அம்மா பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே பணம். மலேசியாவில் பெரியவர்களுக்கு டீ கொடுத்தால் இப்படித்தான் உள்ளே பணம் வைத்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது, எவ்வளவு பண்பாடான ஜனங்கள் என்று நெகிழ்ந்துபோய், கடைக்குப் போய் என் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, டீ குடிச்சியா, ருசி எப்படி?" என்று மூன்றாவது முறை கேட்டபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு நடந்த பேச்சுவார்த்தையை விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா தங்கமானவர். பணம் முழுதும் திரும்பி வந்தது. புடவைக்கான காசை மட்டும் கடைசிவரை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். மனைவி மாதாமாதம் அவருக்கு டீ அனுப்ப ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் அவர் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பாராம்.

அடுத்து கம்போங் ராஜாவில் ஒருவர், "இங்க வெள்ளிய எங்கிட்ட குடுங்க, அங்க என் மச்சான் ரூபாய குடுத்துடுவாரு, சார்ஜே இல்ல லா," என்றார். கேட்கத் தேன் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "சட்டத்துக்குப் பயந்து பொழைக்கணும். அவரு மச்சான் ஓடிட்டா எந்தப் போலீஸ்ல போய்ச் சொல்லுவீங்க?" என்று மனைவி ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அதில் அவள் சொன்னதுதான் சரி.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. பக்கத்து வீட்டிலேயே இந்த விஷயத்தில் கரை கண்டவர் இருக்கிறார். பங்களாதேஷ்காரர். இந்தத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறார். பதினோரு வருடமாக ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர். லயத்து வரிசை வீடுகளில் பழகிப் பழகி எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். சம்பள நாளில் அவர் நாட்டு ஆட்கள் அவர் வாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். பாட்டுப் போட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணே, சார்ஜ மட்டும் பாக்காதீங்க லா. ரேட்ட பாருங்க," என்றார். "சார்ஜ் இல்லன்னு போர்டு போடுவான். ஒரு வெள்ளிக்கு எத்தன ரூபா தர்றான்னு பாத்தா அதுல கொறச்சிருப்பான். ஆயிரம் வெள்ளிக்கு அங்க கையில எவ்ளோ போய்ச் சேருது, அத மட்டும் கேளுங்க. சனி, ஞாயிறு அனுப்பாதீங்க, அன்னிக்கு ரேட் எறக்கிடுவான்."

கடுகு போகிற இடம் ஆராய்வார், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்பார்கள். இத்தனை நாளாக நான் கடுகைத்தான் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவரே என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். என் அடையாள அட்டையை, அதாவது ஐசி கார்டைப் படம் எடுத்தாயிற்று. அடுத்து என் முகத்தைக் காட்டச் சொன்னது. எங்கள் மலையில் சாயங்காலம் ஆனால் மூடுபனி இறங்கிவிடும். முகம் தெரியவில்லை என்றது. கம்பளித் தொப்பியைக் கழற்றச் சொன்னது. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றது. நான் வாசலில் நின்று போனைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டிருந்ததை எதிர் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் பேக்டரி வாசல் விளக்குக்குக் கீழே நின்றபோதுதான் நான்தான் நான் என்று அது ஒப்புக்கொண்டது.

முதல் தடவை அனுப்பினால் சார்ஜ் இல்லை. அது தெரிந்ததும் அடுத்த மாதம் வேறு ஆப்பில் முதல் தடவை அனுப்பினேன். அதற்கடுத்த மாதம் இன்னொன்று. இப்படி நாலு மாதம் நான் எல்லோருக்கும் புது மாப்பிள்ளையாக இருந்தேன். அதற்கு மேல் பெண் கொடுக்க ஆள் இல்லை. நல்ல ரேட் கொடுத்த ஒன்றிலேயே நிலைத்தேன்.

அதன் சார்ஜ் எட்டு வெள்ளி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு ஒவ்வொரு மாதமும் பதினெட்டு பிடித்தது. ஏதோ சில்லறை வித்தியாசம் என்று இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டேன். பிறகு பொறுக்க முடியாமல் போனைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். ரசீதைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஆயிரம் வரைக்கும்தான் எட்டு. அதுக்கு மேல ஒரு காசு போனாலும் பதினெட்டு. நீங்க ஏன் ஆயிரத்து ஒன்னு அனுப்புறீங்க?"

ஏன் என்றால், என் மனைவி அப்படித்தான் அனுப்பச் சொல்லியிருந்தாள். எங்கள் பக்கத்தில் யாரும் மொய்யை நூறாக எழுதமாட்டார்கள், நூற்றியொன்று. கோயிலுக்கு ஐம்பத்தியொன்று. சைபரில் முடிந்தால் அத்தோடு முடிந்துபோகும். ஒன்று சேர்த்தால் இன்னும் வரும், தொடரும் என்று அர்த்தம். என் மனைவி இதை மொய்யோடு நிறுத்தாமல் மகளுக்கு அனுப்பும் பணத்துக்கும் வைத்துக்கொண்டாள். முதல் மாதம் வங்கியிலும் ஆயிரத்து ஒன்றுதான். டீ பாக்கெட்டில் வைத்தபோதுகூட ஒரு வெள்ளி நோட்டைத் தனியாக மடித்துச் சொருகினாள்.

வீட்டுக்கு வந்து விளக்கினேன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கியா? இங்க சுண்டைக்காய் ஒரு வெள்ளி, சுமைகூலி பத்து வெள்ளி."

"சைபர்ல முடிக்க மாட்டேன்."

"சரி. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது அனுப்புவோம்."

"எம்பொண்ணு என்ன சூப்பர்மார்க்கெட் சாமானா, தொண்ணூத்தொன்பதுன்னு விலை போட?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்னு. ஒன்னுல முடியுது."

"பெத்த பிள்ளைக்குப் பத்து வெள்ளி கொறைக்கிற அப்பன இப்பதான் பாக்குறேன்."

"அந்தப் பத்து வெள்ளியத்தான் மாசா மாசம் சார்ஜுக்குக் குடுக்கிறோம்."

"அது சார்ஜுக்குத்தானே போகுது. பிள்ளைக்குக் கொறையலையே."

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கே என்றுதான் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பணம் போட்டதும் ரசீதைப் படமாக மகளுக்கு அனுப்புவேன். அவள் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வெள்ளியைப் பார்த்துச் சிரிக்கிற முகம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். பிள்ளைக்கே இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, தாய்க்குத் தெரியவில்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படியே கடைசி வருடப் பரீட்சை வரைக்கும் வந்துவிட்டோம்.

பரீட்சை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது மனைவி காலை உடைத்துக்கொண்டாள். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் போட்டோ எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறது. தேயிலைச் சரிவு முழுதும் தெரிய வேண்டுமாம். "கொஞ்சம் பின்னால போங்க ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்," என்று அவர்கள் சொல்லச் சொல்ல இவளும் போயிருக்கிறாள். போய்ப் போய், மேட்டை விட்டே போய்விட்டாள். இரண்டு வரிசை தேயிலைச் செடியைத் தாண்டித்தான் நின்றாள். விழுந்தபோதும் அவர்கள் போனை விடவில்லை. படம் நன்றாக வந்திருந்ததாம், அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகத் தெரிந்தது. தகடு வைக்க மலைக்குக் கீழே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வலியில் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள்.

"பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. பரீட்ச முடியிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. எந்தலமேல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாம் வருடம் எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டோம். மகள் பரீட்சையை அப்படியே போட்டுவிட்டு விமானம் ஏறி வந்துவிட்டாள். அவள் வந்து சேர்ந்தபோது நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேப்பரை ஆறு மாதம் காத்திருந்து எழுதினாள். இது கடைசி வருடம். இதை விட்டால் இன்னும் ஆறு மாத வாடகை, ஆறு மாதச் சாப்பாடு, அதைவிடப் பிள்ளையின் மனசு. சத்தியம் செய்தேன்.

ஆனால் மகள் தினமும் வீடியோவில் அம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் சோறு இறங்காது. மனைவி அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய ஸ்வெட்டரையும் கம்பளித் தொப்பியையும் கொண்டு வரச் சொன்னாள். ஈப்போ எங்கள் மலை மாதிரியா? அடுப்பு. அந்த வார்டில் மின்விசிறி சுற்றினாலும் காற்று வெந்நீர் மாதிரிதான் வரும். அங்கே என் மனைவி சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்வெட்டர் போட்டு, தொப்பி மாட்டி, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, "இங்க ஒரே குளிர் பாப்பா," என்று நடுங்கிக் காட்டுவாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீன அம்மா, படத்தில் விழாதபடி ஓரமாகச் சாய்ந்து பேப்பரால் விசிறிவிடுவார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் கதை முழுதும் புரிந்திருந்தது.

"ஏம்மா முகமெல்லாம் பளபளன்னு இருக்கு?" என்று ஒருநாள் மகள் கேட்டாள்.

"க்ரீம் போட்டிருக்கேன் பாப்பா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

மாதம் பிறந்தது. மகள் இரண்டு பேப்பர் எழுதி முடித்திருந்தாள். இன்னும் மூன்று. நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பணம் அனுப்பப் போனைத் திறந்தேன். ஆயிரத்து ஒன்று என்று அடித்தேன். சார்ஜ் பதினெட்டு என்று காட்டியது. சுற்றிலும் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. ஒன்றை அழித்துவிட்டு ஆயிரம் என்று அடித்தேன். எட்டு.

நாலு வருடத்தில் முதல் தடவை. யாருக்குத் தெரியப் போகிறது? ஆஸ்பத்திரிக்குப் போய் வர வண்டி எண்ணெய்ச் செலவு வேறு இருக்கிறது என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். பழக்க தோஷத்தில் ரசீதையும் மகளுக்கு அனுப்பினேன். பிறகு பிரிஞ்சாங் போய், மிச்சம் பிடித்த பத்து வெள்ளிக்கு ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸும் ஒரு தே தாரேக் டீயும் சாப்பிட்டேன். எண்ணெய்ச் செலவு எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அன்றைக்குச் சிரிக்கிற முகம் திரும்பி வரவில்லை. படித்துக்கொண்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். லோரி நிறையக் கொழுந்தோடு வளைவில் இறங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மகள். அங்கே எட்டரை மணி, பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. லோரியை ஓரமாக நிறுத்தினேன்.

"அப்பா, அம்மாவுக்கு என்ன?"

"ஒன்னும் இல்லையே. கடைக்குப் போயிருக்கா."

"ஒரு வெள்ளி எங்கப்பா?"

"என்ன ஒரு வெள்ளி?"

"ரசீதுல ஆயிரம்னு இருக்கு. அம்மா இருக்கிற வீட்டுலேருந்து ஆயிரம் வராது."

லோரியின் இன்ஜினை அணைத்தேன்.

"முந்தாநாள் வீடியோவுல அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. க்ரீம்னு சொன்னாங்க. நம்ம மலையில யாருக்குப்பா வேர்க்கும்? ராத்திரியெல்லாம் தூங்கல நான். நெஞ்சுவலியா? ஐசியுலயா இருக்காங்க? உண்மைய சொல்லுங்க, நான் இப்பவே கெளம்புறேன்."

தலைமேல் அடித்துச் செய்த சத்தியம் ஒரு பக்கம், இந்தக் குரல் ஒரு பக்கம். பிள்ளை இரவு முழுதும் தன் அம்மா செத்துப்போவாளோ என்று விழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டிருக்கிறேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. கால்தான் உடைந்தது, தகடு வைத்தாயிற்று, வேறு ஒன்றும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நம்பவில்லை. நம்பும்படி நாங்கள் நடந்துகொள்ளவில்லை.

ஈப்போவுக்கு வீடியோ போட்டு மகளையும் அதில் சேர்த்தேன். ஆறு மணிக்கு வர வேண்டிய அழைப்பு காலையில் வரும் என்று மனைவி எதிர்பார்க்கவில்லை. ஸ்வெட்டர் இல்லை, தொப்பி இல்லை. ஆஸ்பத்திரிச் சட்டையில், கையில் ரொட்டியோடு இருந்தாள். திரையில் மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"காலக் காட்டும்மா," என்றாள் மகள். அழுகையை நிறுத்திவிட்டாள். குரலே மாறியிருந்தது. "விரல மேல கீழ ஆட்டு. எல்லா விரலையும். மரத்துப்போயிருக்கா? தொட்டா தெரியுதா?"

சீன அம்மா எழுந்து வந்து மனைவியின் கட்டை விரலைத் தொட்டார்.

"தெரியுது பாப்பா. அவங்க கை சில்லுன்னு இருக்கு."

ஐந்து விரலும் ஆடின. மகள் எண்ணி எண்ணிப் பார்த்தாள். நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எக்ஸ்ரே படத்தை அனுப்பச் சொன்னாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். என் பிள்ளை இவ்வளவு படித்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். கொழுந்து மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"நான் போய் பரீட்ச எழுதுறேன். இனிமே எதையாச்சும் மறைச்சீங்க, ரெண்டு பேர் கூடவும் பேச மாட்டேன்," என்றாள்.

"உனக்கு எப்படிப் பாப்பா தெரிஞ்சுச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"அப்பா ஆயிரம் அனுப்பினாரு."

"ஆயிரத்து ஒன்னுதானே."

"இல்லம்மா. ஆயிரம்."

மனைவி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"கால் கூட நேராயிடும், நீங்க ஆக மாட்டீங்க," என்றாள் மனைவி என்னிடம். அத்தோடு போனை வைத்துவிட்டாள். பேக்டரியில் கொழுந்து ஏன் தாமதம் என்று கணக்குப் பார்க்கும் கிராணி கேட்டார். லோரி சூடாகிவிட்டது என்றேன்.

மறுநாள் லீவு போட்டேன். ஆப்பில் ஐம்பது வெள்ளிக்குக் குறைத்து அனுப்ப முடியாது. தானா ராத்தாவில் ஒரு கவுண்டரில் எவ்வளவு சின்னத் தொகையும் வாங்குவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சொல்லும்போது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். ஒரு வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினேன்.

"எவ்ளோ அனுப்பணும் அங்கிள்?"

"இதான்."

"ஒரு வெள்ளியா? சார்ஜ் பதினஞ்சு வெள்ளி அங்கிள், தெரியுமா?"

"தெரியும் மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் தட்டினாள். "எதுக்காக அனுப்புறீங்கன்னு போடணும் அங்கிள்."

"அம்மா நல்லா இருக்கான்னு போடு."

"அப்படி ஒன்னு லிஸ்ட்ல இல்ல லா. படிப்புச் செலவு, குடும்பச் செலவு, அன்பளிப்பு இதுதான் இருக்கு."

"குடும்பச் செலவு."

பதினைந்து வெள்ளியை எண்ணி வைத்தேன். ஒரு வெள்ளிச் சுமைக்கு என்று பார்த்தால், நாலு வருடத்தில் நான் கொடுத்ததிலேயே இதுதான் பெரிய சுமைகூலி. வயிறு எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை. வெளியே வந்து, ரசீதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு, பஸ் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சிரிக்கிற முகம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு பதில் வந்தது.

"வந்துருச்சுப்பா. இப்பத்தான் தூக்கம் வருது."